ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம்

கொஞ்சம் தள்ளி உட்காரும். ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டும். வேடிக்கை பார்க்க இல்லை. இவன் எந்த ஸ்டாப்பில் எத்தனை நிமிஷம் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும்.

எட்டு ஐம்பத்தைந்து வண்டி இது. எடுத்தது எட்டு ஐம்பத்தெட்டு. மூன்று நிமிஷம் லேட். கண்டக்டரிடம் கேட்டால், "டீ குடிச்சோம் பெரியவரே" என்கிறான். டீயாம். என் காலத்தில் நான் விசில் ஊதினால் கண்ணாடி டம்ளரோடு ஓடிவந்து ஏறுவான்.

டைம் கீப்பர். முப்பத்தொரு வருஷம், நாம் ஏறினோமே, அதே பஸ் ஸ்டாண்டில். என்னைத் தெரியாதா உமக்கு? வெளியூரா? அதானே பார்த்தேன்.

பையில் என்ன என்று பார்த்தீர். நீர் பார்த்ததை நான் பார்த்தேன். மனு. போலீஸ் மேலே மனு. போதுமா? நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நீர் கேட்டதால் சொல்கிறேன்.

கேட்கவில்லையா? சரி, பார்த்தீர் அல்லவா. இரண்டும் ஒன்றுதான்.

இன்றைக்குப் பதினொரு மணிக்குள் இதை மாவட்டப் போலீஸ் ஆபீஸில் கொடுக்க வேண்டும். இன்று கடைசி நாள். பதினொன்று தாண்டினால் என் ஃபைலைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். போடட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அதில் நான் ஸ்டேஷனில் இருபது நிமிஷம் இருந்தேன் என்று எழுதியிருக்கிறது. இருபது நிமிஷம்! ஒன்பது பத்துக்கு உட்கார வைத்தார்கள். மூன்று முப்பத்தைந்துக்குப் போகச் சொன்னார்கள். ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம். அதை இருபது என்று எழுதி, எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறான். டைம் கீப்பருக்கு டைம் சொல்லித் தருகிறான்கள். அந்தக் கணக்கோடு நான் சாகமாட்டேன்.

என்ன குற்றமா? விசில் ஊதினேன். அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம். இருந்தாலும் காலையில் ஸ்டாண்டுக்குப் போவேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போகணுமா? இப்போது இருக்கிற டைம் கீப்பர் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வண்டி அது பாட்டுக்கு நிற்கும். நான் போய் ஊதுவேன். எடுப்பான். பித்தளை விசில். ரிட்டயர் ஆன அன்றைக்கு டிரைவர், கண்டக்டர் எல்லாரும் சேர்ந்து கொடுத்தது. பெயர் வெட்டியிருக்கும், அணைஞ்சபெருமாள் என்று. முழுப்பெயர். விசில் சின்னது, பெயர் பெரியது, சுற்றிச் சுற்றி வெட்டியிருப்பான்.

அன்றைக்கு மூன்றாம் பிளாட்பாரத்தில் போலீஸ் ஜீப் நின்றது. ஏழாம் நம்பர் வண்டி வெளியே நின்று ஹாரன் அடிக்கிறான். ஊதினேன். ஜீப் நகரவில்லை. உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் ஆப்பம் தின்றுகொண்டிருக்கிறார். ஊருக்குப் புதுசு. பெயர் ராஜமார்த்தாண்டன். பெயரைப் பாரும், பட்டாபிஷேகம் செய்த மாதிரி. பக்கத்தில் போய் இரண்டாம் தரம் ஊதினேன். காதுப் பக்கம்தான். தேங்காய்ப்பால் சட்டையில் சிந்திவிட்டது. பஸ் ஸ்டாண்டில் தேங்காய்ப்பால் வைத்துக்கொண்டு உட்காரலாமா?

"யாருய்யா நீ?"

"டைம் கீப்பர். வண்டிய எடும்."

முன்சீட்டில் இருந்த ஏட்டு சங்கரபாண்டி திரும்பி மெதுவாகச் சொன்னான்: "அவரு ரிட்டயர் ஆயிட்டாரு சார். ஏழு வருசமாச்சு."

"ரிட்டயர் ஆன ஆளுக்கு இங்க என்னய்யா சோலி?"

"நான்தான் ரிட்டயர் ஆனேன். டைம் ஆகலை."

இதில் தப்பாக ஒரு வார்த்தை இருக்கிறதா, சொல்லும். விசிலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தேனாம். ஆப்பம் தின்பது அரசாங்க வேலை. ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார். பெஞ்சு என்றால் ஒரு கால் இல்லாத பெஞ்சு. ஒரு பக்கம் செங்கல்.

எதிரே ஒரு சுவர்க்கடிகாரம். பத்து பத்தில் நின்றுபோய்க் கிடக்கிறது. முப்பத்தொரு வருஷம் மணியைப் பார்த்தவனை நின்றுபோன கடிகாரத்துக்கு எதிரில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? மூன்று தரம் எழுந்து, "அத ஓட வையுங்க" என்று சொன்னேன். மூன்று தரமும் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தபோதும் பத்து பத்து, எழுந்தபோதும் பத்து பத்து. அந்தக் கடிகாரப்படி பார்த்தால் நான் அங்கே இருக்கவே இல்லை. இருபது நிமிஷம் என்று எழுதினானே, அது அவன் தாராளம்.

என் கைக்கடிகாரம் ஓடியது. ஒன்பது பத்து. மூன்று முப்பத்தைந்து.

மறுநாளே மனு எழுதினேன். நானாக எழுதவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே செண்பகம் என்று ஒரு பெண் டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். என் மருமகள் வழியில் சொந்தம். வேலைக்காரி என்றால் அவள் வேலைக்காரி. ஒரு மனு நாலு நிமிஷம். மற்றவனிடம் போனால் முதலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவான். இவள் பழைய மனு ஒன்றைத் திறப்பாள், பெயரை மாற்றுவாள், தேதியை மாற்றுவாள், நடுவில் நம் சங்கதியைப் போடுவாள், முடிந்தது. ஸ்டேஷனில் பிரிண்டர் கெட்டு இரண்டு வருஷம் ஆகிறதாம், ஏட்டும் அவளிடம்தான் வந்து அடித்துக்கொண்டு போகிறான். எல்லாருக்கும் நாலு நிமிஷம். போலீஸ், பொதுஜனம் என்ற வித்தியாசம் கிடையாது. ஊரில் நேரத்தின் அருமை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று அவள்.

அடித்து ஜன்னல் வழியாக நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் மணியும் போட்டேன். அது என் பழக்கம்.

ஏன் என்றா கேட்கிறீர்? டிரிப் ஷீட். வண்டி வந்த நேரம், போகிற நேரம் எல்லாம் இருக்கிற தாள். டிரைவர் ஜன்னல் கம்பிக்குள் நீட்டுவான். நான் கையெழுத்துப் போட்டு மணி போடுவேன். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது ஷீட். தலையை நிமிர்த்தமாட்டேன். நிமிர்த்தினால் ஓர் ஆளுக்கு ஐந்து செகண்ட். இருநூற்று நாற்பது பேருக்கு எவ்வளவு ஆச்சு? இருபது நிமிஷம்! ஒரு வண்டியே போய்விடும். முப்பத்தொரு வருஷத்தில் என்னால் ஒரு வண்டி ஒரு நிமிஷம் தாமதம் கிடையாது. ஒருதரம் ஒரு டிரைவர் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினான். அதிலும் போட்டேன். எட்டு இருபது. அவன் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. பத்திரிகை கொடுத்த நேரம் அதுதானே?

மனு போனது. இரண்டரை மாதம் கழித்து ஒரு கடிதம். 'தங்கள் மனு விசாரிக்கப்பட்டு முடிக்கப்பட்டது.' ஒரே வரி. யார் விசாரித்தான்? என்னை யாரும் கேட்கவில்லை. என்ன முடிவு? விசில் எங்கே? ஒன்றும் இல்லை. இதே பஸ்ஸில் ஏறிப் பெரிய ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள்.

"முடிச்சாச்சுன்னா முடிச்சாச்சு பெரியவரே."

"எப்படி முடிச்சிய? அந்தத் தாளக் காட்டும்."

"அதெல்லாம் காட்ட முடியாது."

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். செண்பகம்தான். நாலு நிமிஷம். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே கேள்வி. ஒன்று, என் மனுமேல் நடந்த விசாரணைத் தாள்களைக் காட்டு. இரண்டு, இந்த எஸ்.ஐ. மேல் இதற்குமுன் எத்தனை புகார் வந்தது, என்ன ஆச்சு? முப்பது நாளில் பதில் வர வேண்டும். முப்பதாவது நாள் சாயங்காலம் தபால்காரன் வந்தான். சரி, நேரத்தில் ஒழுங்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிரித்தால், மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது.

மூன்றாம் நபராம்! நான் ஒன்று. எஸ்.ஐ. இரண்டு. மூன்றாவது எவன்? பெஞ்சுக்குக் கீழே இருந்த செங்கலா? திரும்பவும் போனேன்.

அந்தக் கிளார்க் எனக்குப் புத்தி சொல்கிறான்: "ஒரு அதிகாரி மேல எத்தனை புகார்ங்கிறது அவரோட சொந்த விசயம் பெரியவரே. வெளிய சொன்னா அவரு மனசு கஷ்டப்படும்லா."

"அவருக்கு எத்தனை பிள்ளைன்னா கேட்டேன்? எத்தனை பேரு அவரப் பத்தி எழுதிக் குடுத்தான்னு கேட்டேன்."

"அதான் தனிப்பட்டது."

"என்னய நாலு தெருக்காரன் பாக்க ஜீப்புல ஏத்துனது?"

"அது பொது இடத்துல நடந்தது."

பார்த்தீரா நியாயத்தை? எனக்கு நடந்தது பொது. அவர் செய்தது தனிப்பட்டது. 

நான் கேட்டேன், பஸ் ஸ்டாண்டில் போர்டு இருக்கிறதா இல்லையா? எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதியிருக்கும். அதுவும் போக, என் காலத்தில் பக்கத்தில் கரும்பலகை வைத்துச் சாக்பீஸில் எழுதுவேன். ஏழாம் நம்பர், ஆறு நிமிஷம் லேட், டிரைவர் இன்னார். ஊரே வாசிக்கும். டிரைவர் பெண்டாட்டியும் வாசிப்பாள். எந்த டிரைவரும் மனசு கஷ்டப்பட்டுச் செத்துப்போகவில்லை. மறுநாள் நேரத்துக்கு எடுத்தான். ஸ்டேஷன் வாசலில் அப்படி ஒரு பலகை வைத்தால் என்ன? இந்த மாசம் இத்தனை புகார், இன்னார் மேல், இன்ன முடிவு. சாக்பீஸ் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். கிளார்க் கண்ணாடியைத் தேடப் போய்விட்டான்.

பாரும், பாரும்! இந்த ஸ்டாப்பில் ஏற ஆளே இல்லை. நிற்கிறான். ஏம்ப்பா கண்டக்டர், யாருக்கு நிக்க? மாட்டுக்கா? எடு, எடு!

என்னிடம் முறைக்கிறான். முறைக்கட்டும்.

அப்பீல் போட்டேன். தள்ளினார்கள். அதற்கு மேல் சென்னையில் தகவல் ஆணையம். அங்கேயும் போட்டேன். பதினோரு மாதம் காத்திருந்தேன். போய் நின்றேன். நாலே நிமிஷம் விசாரணை. அதுதான் ஆபீஸ். ஆணையர் இரண்டு பக்கமும் கேட்டார், ஃபைலை இவருக்குக் காட்டுங்கள், பழைய புகார்களையும் சேர்த்துக் காட்டுங்கள் என்று சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன், அந்த வேகத்துக்காக.

பத்து நாளைக்கு முன்னால் ஃபைலைக் காட்டினார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பக்கத்தில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். நான் தாளைத் தின்றுவிடுவேன் என்று பயம்போல. கிளார்க் கட்டை அவிழ்த்து வைத்தான்.

முதல் புகார், பூக்காரி இசக்கியம்மா. நம் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கிறவள். கூடையை எஸ்.ஐ. எட்டி உதைத்தார் என்று மனு. அதற்குப் பின்னால் ஒரு தாள்: 'மேற்படி மனு மீது மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என முழு மனநிறைவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே அவள் கையெழுத்து. கோணலாக.

இரண்டாவது, சைக்கிள் கடை ஞானதிரவியம். காற்றடிக்கிற பம்பைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் அறைந்தார் என்று மனு. பின்னால் தாள். அதே வரி. முழு மனநிறைவு. கன்னத்தில் வாங்கிக்கொண்டு மனநிறைவு!

மூன்றாவது, புரோட்டா மாஸ்டர் மைதீன். ராத்திரி கடை மூடச் சொல்லி சால்னாச் சட்டியை ரோட்டில் கவிழ்த்தார் என்று மனு. பின்னால் அதே தாள், அதே மனநிறைவு. இதில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ரேகையே தெரியவில்லை. மாவுதான் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கான்ஸ்டபிளிடம் சொன்னேன், "பாத்தியா தம்பி, நம்ம ஊர் ஆளுகள! உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்காம நீட்டுன தாள்ல எல்லாம் போட்டுருக்கான். இவனுக்கெல்லாம் எப்படி நியாயம் கிடைக்கும்? படிக்காதவன்னா அப்படித்தான். மடப்பயலுவ." அவனும் தலையாட்டினான். மரியாதை தெரிந்தவன்.

பக்கத்தைத் திருப்பினேன். என் மனு. பின்னால் ஒரு தாள். இருபது நிமிஷம், டீ, விசில் எதுவும் வாங்கப்படவில்லை, மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை, முழு மனநிறைவு. கீழே அணைஞ்சபெருமாள்.

"மோசடி! இது என் கையெழுத்தே இல்ல!" என்று கத்தினேன். ஆபீஸே எழுந்துவிட்டது. கிளார்க் ஓடிவந்தான். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

"பக்கத்துல என்னமோ பதினொண்ணு இருபதுன்னு போட்டுருக்கே, அது என்ன பெரியவரே?"

தாளை வாங்கி நானே பார்த்தேன்.

பதினொன்று இருபது. அந்த நேரத்துக்கு நான் எங்கே இருப்பேன்? வீட்டு ஜன்னலில். டவுன் பஸ் போகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் நினைவு வந்தது. ஏட்டு சங்கரபாண்டி. பைக்கை ஆஃப் பண்ணாமல் ஜன்னலோரம் நிறுத்தி, "அண்ணாச்சி, ஒரு கையெழுத்து" என்று கம்பிக்குள் நீட்டினான். "எங்க?" என்றேன். "இங்க" என்றான். போட்டேன். மணி போட்டேன். இரண்டு செகண்ட். போய்விட்டான். வண்டி புறப்பட்ட சுத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் வேறு.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் பெண்டாட்டி சண்முகவடிவு முறத்தைக் கீழே வைக்கவில்லை. "நீங்க என்னைக்கு வாசிச்சிய? என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே நிமுந்து பாக்கலையே. தட்ட எடுத்திய, மணியப் பாத்திய, எந்திரிச்சிய." நாற்பத்திரண்டு வருஷம் கழித்து அதை எடுக்கிறாள். பத்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, எழுந்தேன். அதில் என்ன தப்பு?

நீரும் சிரிக்கிறீர். இதில் என் பிழை எங்கே, சொல்லும். டிரிப் ஷீட்டில் வண்டி நம்பரைத் தப்பாக எழுதிக் கொடுத்தால் எழுதினவன் தப்பா, கையெழுத்துப் போட்ட டைம் கீப்பர் தப்பா? எழுதினவன் தப்பு. மற்ற மூன்று பேர் விஷயம் வேறு. அவர்கள் வாசிக்காமல் போட்டது மடத்தனம். நான் வாசிக்காமல் போட்டது தொழில்.

மூன்று பேரையும் ஸ்டாண்டிலேயே பிடித்தேன். இசக்கியம்மாவிடம் ஏட்டு, நகராட்சியில் கடை ஒதுக்குகிற லிஸ்ட் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினானாம். ஞானதிரவியத்திடம் சமையல் கேஸ் மானியம். மைதீன் சொல்கிறார், "கை பூரா மைதா அண்ணாச்சி, கல்லுல எட்டு புரோட்டா கிடக்கு. ஏட்டய்யாவே பெருவெரலப் பிடிச்சு வச்சிட்டு, மாவத் தொடச்சும் விட்டுட்டுப் போனாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

"ஒமக்காவது மாவு. அண்ணாச்சிக்கு என்ன வந்தது?" என்று இசக்கியம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். வாய் அதிகம் அவளுக்கு. "உன் சோலியப் பாரு" என்றேன்.

பெரிய ஆபீஸில் ஆட்சேபம் சொன்னேன். ஓர் அம்மா, புதிதாக வந்த அதிகாரி, கேட்டுக்கொண்டார். நல்ல அம்மா. எழுத்துமூலம் கொடுங்கள், பத்து நாள் அவகாசம், இன்று பதினொரு மணிவரை, வந்தால் நாலு ஃபைலையும் திறந்து மறுபடி விசாரிக்கிறேன் என்றார். வெளியே வந்ததும் கிளார்க் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். பொதுமக்கள் சார்பில் கூட்டு மனு என்றால் ஐந்து பேராவது வேண்டுமாம். நாலு பேர் பொதுமக்கள் இல்லையாம். நாலு பேர் என்ன, சீட்டாட்டமா என்று கேட்டேன். ஐந்து என்றால் ஐந்து என்றான்.

ஒன்பது நாளாக ஐந்தாவது ஆளைத் தேடினேன். எவனும் வரவில்லை. டிரைவர்களிடம் கேட்டேன். "போலீசு விசயம் அண்ணாச்சி" என்று வண்டியை எடுத்துவிட்டான்கள். அன்றைக்குப் பார்த்து எல்லாரும் நேரத்துக்கு எடுத்தான்கள்.

ஆகவே நீர் போடும்.

ஆமாம், நீர்தான். வெளியூர்தானே? எஸ்.ஐ. உம்மை என்ன செய்வார்? அவர் ஸ்டாண்டில் நீர் ஆப்பம் தின்னப் போகிறீரா? இந்தாரும் தாள். இந்தாரும் பேனா. கீழே ஐந்தாம் இடம் காலியாக இருக்கிறது பாரும். மடியில் பையை வைத்து அதன்மேல் வைத்துப் போடும். மேடுபள்ளம் வருவதற்குள் போடும்.

என்ன செய்கிறீர்? வாசிக்கிறீரா? அட, எதற்கு வாசிக்கிறீர்? இவ்வளவு நேரம் சொன்னதுதான் அதில் இருக்கிறது. நாலு ஃபைலையும் திற. ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம் என்று திருத்து. விசிலைக் கொடு. ஸ்டேஷன் வாசலில் புகார்ப் பலகை வை. முடிந்தது. காலையில் செண்பகம் அடித்து ஜன்னல் வழியாக நீட்டினாள், நாங்கள் நாலு பேரும் வரிசையாக நின்று போட்டோம். மைதீனுக்கு இந்தத் தடவை கையைக் கழுவச் சொன்னேன். நான் எல்லாவற்றையும் யோசிக்கிறவன்.

போடும்யா. உம்மை மாதிரி ஆள் டிரிப் ஷீட் எழுதினால் ஒரு வண்டி ஊரைத் தாண்டாது.

ஏன் நிறுத்திவிட்டீர்? பேனா எழுதவில்லையா? உதறும்.

கடைசி வரியா? கடைசி வரியில் 'இப்படிக்கு' என்று இருக்கும்.

அதற்கு மேலே உள்ளதா? சத்தமாக வாசியும். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

'மேற்படி மனு மீது மேல் நடவடிக்கை ஏதும்'... ம். 'தேவையில்லை என'... ம். 'முழு மனநிறைவுடன்'...

திரும்ப வாசியும்.

போதும். போதும்யா, கேட்டுவிட்டது.

செண்பகம். ஏட்டு அடித்த பழைய தாளைத் திறந்திருக்கிறாள். பெயரை மாற்றியிருக்கிறாள். தேதியை மாற்றியிருக்கிறாள். நடுவில் நம் சங்கதியைப் போட்டிருக்கிறாள். வாலை அப்படியே விட்டுவிட்டாள்.

கீழே யார் கையெழுத்து? நாலு பேருடையதும் இருக்கிறதா. என் பெயருக்குப் பக்கத்தில்? எட்டு இருபத்தேழா? என் கைதான்.

அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடலாமா? எப்படி அடிப்பீர்? அடித்தால் பக்கத்தில் நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிளார்க் விடுவானா? கண்ணாடிக்குத்தான் குருடு அவன், இதற்கு இல்லை. மூன்று பேரும் ஸ்டாண்டில் இருக்கிறார்கள். அரை மணி தூரம்.

இரும். பேசாதேயும்.

இப்போது ஒன்பது இருபத்திரண்டு. எதிரே ஏழாம் நம்பர் வருவான். பாலத்தை ஒன்பது இருபத்தாறுக்குக் கடப்பான். அதில் ஏறினால் ஸ்டாண்டில் ஒன்பது ஐம்பத்து மூன்று. செண்பகத்துக்கு நாலு நிமிஷம். ஒன்பது ஐம்பத்தேழு. கையெழுத்து வாங்கி முடிக்கப் பத்து நாலு. பத்து ஐந்து வண்டி. பெரிய ஊருக்குப் பத்து ஐம்பத்தைந்து. ஆபீஸுக்கு நாலு நிமிஷ நடை. பத்து ஐம்பத்தொன்பது. ஒரு நிமிஷம் கையில் இருக்கிறது. பத்து ஐந்துக்காரன் டீ குடிக்காமல் எடுத்தால்.

எடுப்பான். எடுக்கவைக்கிறேன். விசில் இல்லாவிட்டால் வாய் இல்லையா?

எழுந்திரும். நீரும்தான். ஐந்தாவது ஆள் நீர்தானே, உம்மை விட்டுவிட்டு நான் யாரைப் பிடிப்பேன்? உமக்கு என்ன வேலை? மச்சினர் வீட்டு விசேஷமா, பன்னிரண்டு மணிக்குத்தானே. பத்து ஐம்பத்தொன்பதுக்கு உம்மை விட்டுவிடுவேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விடலாம்.

ஏம்ப்பா கண்டக்டர்! நிறுத்து! பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்து!

கேட்கவில்லை அவனுக்கு. பாட்டுப் போட்டிருக்கிறான். உமக்கு விரலை வைத்து விசிலடிக்கத் தெரியுமா? தெரியுமா! அடியும். ஒரே தரம். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. இரண்டு அடித்துத் தொலைத்துவிடாதேயும்.

ஆகா.

நின்றுவிட்டான். ஒன்பது இருபத்தைந்து. முப்பத்தொரு வருஷம், அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், என்னால் ஒரு வண்டி நடுரோட்டில் நிற்பது இதுதான் முதல் தடவை. முறைக்காதே கண்டக்டர், ஒரு நிமிஷம் லேட் என்று எழுதிக்கொள், என் பெயரைப் போட்டே எழுதிக்கொள்.

படி உயரம், பார்த்து இறங்கும். அதோ வருகிறான் ஏழாம் நம்பர், கையைக் காட்டும்.

தாளை என்னிடம் நீட்டாதேயும். உம்ம கையிலேயே இருக்கட்டும். புதிதாக அடிப்பதையும் நீரே முதலில் வாங்கி வாசியும். ஜன்னலிலிருந்து என் கைக்கு வந்தால் நான் போட்டுவிடுவேன்.